சும்மா கொடுத்த வழி

களியக்காவிளையில் பேருந்தை நிறுத்தி ஏறிய போலீஸ்காரர் நேராக என்னிடம்தான் வந்தார். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டு அரிசி எல்லை தாண்டிக் கேரளத்துக்குள் போகக் கூடாது என்று தடை இருந்தது. என் தோல்பையோ கீழே வைத்தால் ‘தொம்’ என்று சத்தம் போடும் கனம். அவர் அதைத் தூக்கிப் பார்த்து முகம் மலர்ந்தார்.

“உள்ளே என்ன?”

“வேதாகமம்.”

“அதுக்கு அடியில?”

“இன்னொரு வேதாகமம். அதுக்கும் அடியில் ஒத்துவாக்கிய அகராதி.”

ஒவ்வொன்றாக எடுத்து உதறிப் பார்த்தார். ஒரு மணி அரிசிகூட உதிரவில்லை. மிகுந்த வருத்தத்தோடு இறங்கிப் போனார். என் பக்கத்தில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர் மூச்சு வாங்கியபடி உட்கார்ந்திருந்தார். எல்லையைத் தாண்டி அடுத்த நிறுத்தத்தில் இறங்கியதும் அவருக்குச் சுகப்பிரசவம் ஆனது. எட்டுக் கிலோ இருக்கும், நல்ல பொன்னி. வாங்கிக்கொள்ள ஒருவர் சாக்கோடு காத்திருந்தார்.

நான் மதுரையில் பள்ளி ஆசிரியன். விடுமுறைகளில் சபைக் கூட்டங்களுக்குப் போய்ப் பிரசங்கம் செய்வது வழக்கம். பாறசாலைக்கும் கொல்லயிலுக்கும் நடுவில் இருக்கும் ஒரு பழைய மிஷன் சபையில் மூன்று நாள் கன்வென்ஷன். பேச வேண்டிய பொருளையும் அவர்களே கொடுத்திருந்தார்கள்: இரட்சிப்பு தேவன் அன்பினால் தரும் இலவச ஈவு. எனக்கு இது மனப்பாடமான பொருள். எங்கே சிரிக்க வைக்க வேண்டும், எங்கே கைக்குட்டையை எடுக்க வைக்க வேண்டும் என்பதுகூடத் தெரியும்.

பாறசாலையில் பேருந்து மாறினேன். எங்கள் பக்கம் கிறிஸ்தவர்கள் தேவாலயத்தைக் கோவில் என்றுதான் சொல்வோம். அந்தப் பழக்கத்தில் நடத்துனரிடம், “கோவில்கிட்ட இறக்கிவிடுங்க” என்றேன். அவர் தலையாட்டினார். வெகுநேரம் கழித்து, மிகுந்த மரியாதையோடு, செங்கல் என்ற ஊரில் ஒரு சிவன் கோவில் வாசலில் இறக்கிவிட்டார். இரண்டு வேதாகமங்களோடு நான் நிற்க, பூக்கடைக்காரர் ஒரு தாமரை மொட்டை எடுத்து நீட்டினார். நிலைமையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “ரெண்டு கோவிலும் நல்ல கோவிலாக்கும். உங்களுக்கு உள்ளது அங்ஙன தெக்க” என்று கை காட்டிவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

அப்போதுதான் ஒரு அம்பாசிடர் டாக்ஸி வந்து நின்றது. பின் இருக்கையில் இருந்தவர் கறுப்புக் கண்ணாடி, பளபளக்கும் சட்டை, பத்தடிக்கு முன்னால் வந்து சேரும் சென்ட் மணம். அந்த ஊர்களில் அந்த வருடங்களில் கல்ஃபிலிருந்து திரும்பியவர்களைக் கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் காணலாம்.

“கன்வென்ஷன் சாரா? பைபிள் கண்டேன். ஏறுங்கோ, நான் அங்ஙனதான் போறேன்.”

அவர் பெயர் ராஜையன். மஸ்கட்டில் கட்டட வேலை செய்து ஊரோடு வந்துவிட்டவர். வழியெல்லாம் தன் டேப்ரெக்கார்டரின் பெருமைகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். இறங்கும்போது நான் பணம் எடுத்தேன். “வேண்டாம் சாரே. நான் வாற வண்டியில நீங்க ஏறினிய, அவ்வளவுதான்” என்றார். போதாததற்கு ஒரு வாசனை சோப்பையும் என் கையில் வைத்தார். இவருக்கு என்னிடம் ஏதோ ஆகவேண்டியிருக்கிறது என்று நான் முடிவு செய்தேன். மூன்று நாளும் இலவச ஈவைப் பற்றிப் பேசப் போகிறவனுக்கு முதலில் தோன்றியது அதுதான்.

நான் தங்கவேண்டிய வீடு சபைச் செயலர் ஞானாபரணத்தின் வீடு. ராஜையனின் புது வீட்டுக்கு நேர் பின்னால் தென்னைகளுக்கு நடுவே அதன் ஓடு தெரிந்தது. “இதுக்கு மேல கார் போவாது சாரே. தோட்டு வரம்பு வழியாக்கும் போவணும்” என்றார் ராஜையன். தோடு என்றால் அங்கே ஓடை. வரம்பு என்றது அதன் கரையில் ஓடும் ஒற்றைக்கால் அகலச் சேற்று மேடு. ஒரு கையில் தேவவசனம், மறு கையில் வாசனை சோப்பு. பாதி தூரத்தில் கால் வழுக்கி முழங்கால்வரை ஓடைக்குள் நின்றேன்.

வீட்டு வாசலில் காலை நீட்டிச் சாய்வு நாற்காலியில் இருந்த அம்மாள் என்னைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஞானாபரணத்தின் மனைவி ரோசம்மாள். “ஐயோ தம்பி, போன வருசம் வந்த பிரசங்கியாரும் அதே இடத்தில்தான் ஞானஸ்நானம் எடுத்தாவ! உள்ள வாருங்கோ.”

அவர் எழுந்திருக்கவில்லை. சர்க்கரை நோய். வலது காலில் ஆறாத புண், துணி சுற்றியிருந்தார்.

மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கை வேகவைத்து உடைத்து, மேலே சிவக்கச் சிவக்கச் சாளை மீன் குழம்பு. மதுரையில் நாங்கள் கிழங்கை விருந்துக்கு வைத்தால் உறவு முறிந்துவிடும். இங்கே அதைச் சாப்பிட்டபின் சோறு என்பது ஏழைகளின் உணவு என்று எனக்குத் தோன்றியது. சாப்பிட்டு முடித்த பிறகுதான் வீட்டுக்காரர் ஞானாபரணம், நான் யாரோடு காரில் வந்தேன் என்று கேட்டார். சொன்னேன். முகம் சுருங்கியது.

“அவனுக்க கூடயா வந்திய?”

பிறகு கதையைச் சொன்னார். ஓடைமுதல் சாலைவரை உள்ள தென்னை விளை முழுவதும் ஒரு காலத்தில் அவருடையது. சாலையோரமாக அவருடைய குடிகிடப்புக்காரர்களின், அதாவது அவர் நிலத்தில் குடியிருந்து அவருக்கே வேலை செய்தவர்களின், குடிசைகள் வரிசையாக இருந்தன. நிலச் சட்டம் வந்தது. குடிசையில் இருந்தவர்களுக்குக் குடிசையைச் சுற்றிப் பத்துப் பத்து சென்ட் சொந்தமானது. அளக்க வந்த அதிகாரி, “உங்க வீட்டுக்கு வழி எதுன்னு காட்டுங்கோ, விட்டு அளக்கலாம்” என்றாராம். இவர் கதவைச் சாத்திக்கொண்டு, “எனக்க பூமியில எனக்க வழிய நான் எவனுக்குக் காட்டணும்?” என்று உள்ளிருந்தே கேட்டிருக்கிறார். அதிகாரி அளந்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலை கதவைத் திறந்தபோது அவர் வீட்டுக்கு வழி இல்லை. அன்றிலிருந்து தோட்டு வரம்புதான்.

“இப்போ அந்த ராஜையன் போன வாரம் வந்து நிக்கான். இவனுக்க அப்பன் என்னை ஏமானேன்னு விளிப்பான். இவன் சாரேங்கான்! அவனுக்க பத்து சென்ட்டில ஒரு ஓரமா கார் போற அளவுக்கு வழி எடுத்துக்கிடுங்கோங்கான். என்ன விலைன்னு கேட்டேன். விலை ஒண்ணும் வேண்டாம், சும்மா எடுத்துக்கிடுங்கோன்னான். சும்மாவா! என்கிட்டயா!”

‘சும்மா’ என்ற சொல்லை ஒருவர் அவ்வளவு கசப்போடு சொல்லி நான் கேட்டதில்லை.

அன்று மாலை கூட்டம். பந்தலில் பத்திருபது குழல் விளக்குகள். ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு வண்ணத்தில் ஒரு பெயர்: இன்னார், துபாய்; இன்னார், குவைத்; இன்னார் நினைவாக, ஷார்ஜா. பெயரை எழுதி எழுதி வெளிச்சம் வர இடமில்லாமல் போயிருந்தது. நான் நிற்கும் மேசைக்கும், என் தலைக்குமேல் சுற்றிய விசிறிக்கும் உபயதாரர்கள் உண்டு. ஒலிபெருக்கிக்கு மட்டும் பெயர் இல்லை. அதைக் கொடுத்தவர் ராஜையன் என்றும், பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றும் ஐயர் என்று அங்கே அழைக்கப்படும் சபைப் போதகர் என் காதில் சொன்னார். “பேரு வேண்டாம்னு சொன்னா உள்ள என்னமோ உண்டு. கமிட்டி ஆலோசிச்சிட்டு இருக்கு.”

நான் பேசினேன். நம்முடைய நற்கிரியை எதுவும் அவருக்குத் தேவையில்லை. அன்பினால் சும்மா கொடுக்கிறார். நாம் செய்யவேண்டியது கையை நீட்டுவது மட்டுமே. முன்வரிசையில் இருந்த ஞானாபரணம் ஒவ்வொரு வாக்கியத்துக்கும், “ஆமென்!” என்று பந்தல் அதிரச் சொன்னார். என் பிரசங்க வாழ்வில் அவ்வளவு நல்ல ஆமென் எனக்குக் கிடைத்ததில்லை.

இரண்டாம் நாள் காலை சாயாக்கடைக்குப் போனேன். அங்கே சாயாவோடு ஏத்தன்பழம் என்கிற நேந்திரம்பழத்தை வேகவைத்துத் தருகிறார்கள். அதோடு ஊர்ச் செய்தியும். ராஜையன் ஏன் வழி கொடுக்கிறார் என்பதற்குக் கடையில் இருந்தவர்களைவிடக் காரணங்கள் அதிகம் இருந்தன. பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கப் போகிறார். பெரிய வீட்டு முற்றத்தில் புதையல் இருப்பதாக மஸ்கட்டில் ஒரு மந்திரவாதி சொல்லியிருக்கிறார். ஒருவர் மலையாளத்தில் நெடுநேரம் விளக்கியதன் சாரம் இது: இது பழிவாங்கல். இனி ஞானாபரணம் சாகும்வரை தினமும் ராஜையனின் பிச்சையில் நடந்து வீட்டுக்குப் போகவேண்டும். இதைவிடப் பெரிய அடி உண்டா?

கடைக்காரர் சுகுமாரன் கட்சித் தோழர். அவருக்குத்தான் உண்மையான துக்கம். சாயாவை ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னிடம் முறையிட்டார்.

“கொடி பிடிச்சு, அடி வாங்கி, ஜெயிலுக்குப் போயி வாங்கின பூமியாக்கும் சாரே. அதில எட்டு அடிய ஜென்மிக்கே, பழைய நிலக்காரனுக்கே திருப்பிக் கொடுத்தா வர்க்கம் என்ன ஆவும்? இவன்கிட்ட யாரு கேட்டா? சபைக்காரங்க நீங்க என்னமோ மருந்து கொடுத்திருக்கிய.”

நாங்கள் அப்படி எந்த மருந்தும் கொடுக்கவில்லை என்று நான் சத்தியம் செய்யலாம். ஏனென்றால் கடையை விட்டு வெளியே வந்ததும் ஐயர் என்னைப் பிடித்துக்கொண்டார். சபையும் அதே அளவுக்குத் துக்கத்தில் இருந்தது.

“முறை ஒண்ணு உண்டு இல்லியா சாரே? ராஜையன் வழிய சபைக்குக் கொடுக்கட்டும். சபை பெரியவருக்குக் கொடுக்கட்டும். வாசல்ல ஒரு வளைவு கட்டி, ராஜையன் உபயம்னு எழுதலாம். அவனுக்குக் கமிட்டியில ஒரு இடமும் கொடுக்கலாம். அப்போ எல்லாருக்கும் மரியாதை. நீங்க வெளியூர்க்காரரு, சொன்னா கேப்பான்.”

எனக்கு இது மிகவும் நியாயமாகப் பட்டது. உடனே கிளம்பினேன்.

ராஜையன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் புது மதிலைத் தானே கடப்பாரையால் இடித்துக்கொண்டிருந்தார். நட்சத்திரமும் தாமரையும் மாறிமாறி வரும் சிமெண்ட் கிராதி வைத்த மதில். கல்ஃப் போய்வந்தவர்கள் முதலில் கட்டுவது அதைத்தான். நாலைந்து நட்சத்திரங்கள் ஏற்கெனவே மண்ணில் விழுந்து கிடந்தன. அவர் மனைவி லில்லி ஆரஞ்சுப் பொடி கலக்கிய குளிர்ந்த தண்ணீரை என் கையில் கொடுத்துவிட்டு, கணவரைக் காட்டிச் சொன்னார்.

“கண்டியளா சாரே? சொந்த மதிலை இடிக்குதவன் ஊரில உண்டுமா? எனக்க செம்பருத்தியும் போச்சு. யாருக்காக? எங்க மாமனாரைக் கிணத்துப் பக்கம் விடாத மனுசனுக்காக! பூமி எங்களுக்குன்னு ஆனப்போ கோர்ட்டுக்குப் போயி எங்களை நாலு வருசம் அலைய விட்டவருக்காக!”

“அது உள்ளதுதான்” என்றார் ராஜையன், இடிப்பதை நிறுத்தாமல்.

“அதையெல்லாம் மன்னித்து மறந்துவிட்டீர்களா?” என்று கேட்டேன். பிரசங்கத்துக்கு உதவும் என்ற நப்பாசை.

“மறக்கல்ல சாரே. எப்படி மறக்கும்? கேஸு நடந்தப்போ எனக்க அப்பன் கோர்ட்டு வாசல்ல மயங்கி விழுந்தாரு.” கடப்பாரையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். “அது வேற, இது வேற. போன மாசம் பெரிய வீட்டு அம்மைய நாற்காலியில வச்சு நாலு பேரு தோட்டு வழியா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாவ. ஒருத்தனுக்குக் கால் வழுக்கிச்சு. அம்மை தோட்டுல விழுந்தாவ. நான் இஞ்ச மதிலுக்கு இந்தப் பக்கம் நின்னு கண்டேன். அம்மை அழல்ல. சேலைய மட்டும் சரி பண்ணிட்டு இருந்தாவ. எனக்கு அந்த மதிலு பிடிக்காமப் போச்சு. அவ்வளவுதான்.”

சபையின் திட்டத்தைச் சொன்னேன். வளைவு வேண்டாம் என்றார். கமிட்டி என்றதும் பயந்தேபோனார். “வேண்டாம் சாரே, அங்ஙன போனா எனக்கு உறக்கம் வரும்.”

“சரி, அவர் ஏதாவது ஒன்றைப் பதிலுக்குக் கொடுத்தால் வாங்கிக்கொள்வீர்களா? அவருடைய மனம் ஆறும்.”

“அப்போ அது வேற வியாபாரமாவும். நான் வியாபாரத்துக்கு வரல்ல.”

பின்வீட்டுக்குப் போய் ஞானாபரணத்திடம் உட்கார்ந்தேன். அவரும் யோசித்து வைத்திருந்தார். ஓடைக்கரையில் நிற்கும் காய்ப்பலா மரத்தை ராஜையனுக்கு எழுதிக் கொடுக்கத் தயார். நான் திரும்பவும் வரம்பில் நடந்து போய்க் கேட்டேன். “பலாச்சக்கை நம்ம வீட்டிலயும் உண்டு” என்று பதில் வந்தது. கன்றோடு பசுவைச் சொன்னார், நடந்தேன். லில்லிக்குச் சாணி மணம் ஆகாதாம். கடைசியாகப் பெரியவர் தன் உச்சகட்டத் தியாகத்தை அறிவித்தார்: கோவிலில் முன்வரிசையில் தனக்குப் பக்கத்து இடம். அதைக் கேட்ட ராஜையன், கடைசி வரிசையில் சுவரோரம் சாய வசதி உண்டு என்று நன்றி சொல்லி அனுப்பினார். இத்தனை நடையில் நான் ஓடைக்குள் விழாமல் நடக்கக் கற்றுக்கொண்டதுதான் மிச்சம்.

“விலை கொடுத்து வாங்கினா நான் முதலாளி சாரே. சும்மா வாங்கினா பிச்சைக்காரன். அதுவும் யாருகிட்ட? எனக்க கிணத்தடியில இருந்து நான் அடிச்சு விரட்டினவனுக்க மகன்கிட்ட!” என்றார் ஞானாபரணம். கோபமாகத்தான் சொன்னார். ஆனால் கடைசிச் சொல்லில் குரல் உடைந்தது. அவர் எதையும் மறக்கவில்லை என்று அப்போது எனக்குப் புரிந்தது. ராஜையனைவிட அவருக்குத்தான் எல்லாம் துல்லியமாக நினைவிருந்தது.

அன்று மாலை நான், தகுதியில்லாதவனுக்குக் கொடுப்பதுதான் கிருபை, தகுதி உள்ளவனுக்குக் கொடுத்தால் அது கூலி என்று பேசினேன். முன்வரிசையிலிருந்து ஆமென் வரவில்லை. ஞானாபரணம் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் வேறொருவர் கேட்டிருந்தார். ரோசம்மாளால் அந்தக் காலோடு ஓடை வரம்பு வழியே கூட்டத்துக்கு வர முடியாது. பெயரில்லாத அந்த ஒலிபெருக்கியின் குழாய் ஒன்றைத் தென்னை மரத்தில் வீட்டைப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். மூன்றாம் நாள் காலை, கஞ்சிக்குப் பயறும், சம்மந்தி என்று அவர்கள் சொல்லும் தேங்காய்த் துவையலும் எடுத்து வைத்தபடி என்னிடம் கேட்டார்.

“தம்பி, ஒண்ணு கேக்கட்டா? சும்மா தருவார்னு சொன்னிய. சும்மான்னா சும்மாதானா? பொறவு என்னைக்காவது வந்து, அண்ணைக்குத் தந்தேன் இல்லியான்னு கேக்க மாட்டாரா?”

“கேட்கமாட்டார் அம்மா. கேட்டால் அது ஈவு இல்லையே.”

“நல்லா அறிஞ்சுதான் சொல்லுதியளா? இல்ல, புஸ்தகத்தில உள்ளதா?”

நான் கொஞ்சம் தடுமாறினேன். “இரண்டும்தான்” என்றேன். அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். எந்தப் பாதியை நம்புவது என்று யோசித்திருக்க வேண்டும். பிறகு, “அது போரும்” என்று சொல்லிப் பயற்றை என் பக்கம் நகர்த்தினார். தன் கஞ்சியை அவர் தொடவில்லை.

சிறிது நேரத்தில் காய்ச்சல் ஏறியது. கால் முழங்காலுக்கு மேல் வீங்கிச் சிவந்திருந்தது. ஐயரின் ஏற்பாட்டில் கம்பவுண்டர் ஒருவர் வந்து துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, உடனே நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், இன்று வேண்டாம் நாளை என்றால் காலை எடுக்கவேண்டி வரும் என்றார். டாக்ஸிக்கு ஆள் போனது. சாய்வு நாற்காலியைத் தூக்க நாலு பேர் வந்தார்கள். விடியற்காலையில் பெய்த மழையில் வரம்பு வெண்ணெய் தடவினாற்போல் இருந்தது. மறுபக்கம், ராஜையனின் மதில் இருந்த இடம் திறந்து, புது மண் கொட்டிய வழி வீட்டு முற்றத்தில் வந்து முடிந்தது.

“நாற்காலிய எடுங்கலே. தோட்டு வழி பையப் போவணும்” என்றார் ஞானாபரணம்.

“நான் நாற்காலியில ஏற மாட்டேன்” என்றார் ரோசம்மாள்.

“நீ என்ன சொல்லுதா?”

“காரு முற்றத்துக்கு வரட்டும். நான் காரில போறேன்.”

“ரோசம்மா, அது நம்ம வழி இல்ல.”

“தந்தாவ இல்லியா? தந்தா நம்ம வழிதான்.” நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். காய்ச்சலில் உதடு உலர்ந்திருந்தது. குரல் மட்டும் தெளிவாக இருந்தது. “போன மாசம் என்னைத் தோட்டுல போட்டிய. நான் ஒண்ணும் பறயல்ல. இனி உங்க மரியாதைய எனக்க காலால சுமக்க எனக்கு முடியாது.”

நாற்காலி தூக்க வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். நான் தென்னை மரத்தைப் பார்த்தேன். ஞானாபரணம் யாரையும் பார்க்கவில்லை. அதற்குள் யாரோ கைகாட்ட, டாக்ஸி புது மண்ணில் ஆடி அசைந்து முற்றத்துக்கு வந்துவிட்டது. அந்த வீட்டு வாசலில் கார் நிற்பதைப் பல வருடங்களுக்குப் பிறகு ஊர் பார்த்தது. சாயாக்கடையே எழுந்து வந்து சாலையில் நின்றது. லில்லி ஒரு தலையணையோடு ஓடி வந்து, நோயாளியின் காலுக்கு அடியில் வைத்தார். வைக்கும்போதும், “நான் இவருக்காகச் செய்யல்ல” என்று பெரியவர் காதில் விழச் சொல்லிக்கொண்டார்.

“நீங்களும் ஏறுங்கோ” என்றார் ரோசம்மாள்.

“நான் எனக்க வழியா வாறேன்” என்றார் கணவர்.

“சரி, தோட்டு வழியா வாருங்கோ. ரோட்டில நிப்பேன். வேகம் வாருங்கோ.”

அதுதான் நடந்தது. மனைவி காரில் புது வழியே போக, கணவர் குடையை ஊன்றிக்கொண்டு பக்கத்திலேயே ஓடை வரம்பில் போனார். இரண்டுக்கும் நடுவே பத்தடி தூரம் இருக்கும். கார் மெதுவாகப் போயிற்று. ஓட்டுநருக்கும் வேடிக்கை பார்க்க ஆசை இருந்திருக்கும். நான் விழுந்த இடத்துக்கு வந்ததும் பெரியவரும் விழுந்தார். ஊர் சிரிக்கவில்லை. சுகுமாரன் தோழர் இறங்கி, ஜென்மியின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். இடுப்புவரை சேறோடு அவர் காரில் ஏறி மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கதவு சாத்தும்போது, ரோசம்மாள் தன் முந்தானையால் அவர் முகத்தைத் துடைப்பதைப் பார்த்தேன்.

அன்று மாலை கடைசிக் கூட்டம். முன்வரிசையில் ஒரு நாற்காலி காலி. சொல்லவேண்டியதை எல்லாம் காலையிலேயே வேறொருவர் சொல்லிவிட்டதால் நான் சீக்கிரமாக முடித்துக்கொண்டேன். ஐயர் உபயதாரர்களுக்கு நன்றி சொன்னார். அது என் பிரசங்கத்தைவிட நீளமாக இருந்தது. அந்த நீளமான பட்டியலில், ஒலிபெருக்கியைத் தந்தவர் என்று பெயர் சொல்லாமல் ஒரு வரியும் வந்தது. கமிட்டி ஆலோசித்துவிட்டது போலும்.

மறுநாள் நான் ஊர் திரும்பவேண்டும். வீட்டில் பையைக் கட்டி வைத்துவிட்டு, பெரியவரிடம் விடைபெற்றுக்கொண்டு போகலாம் என்று சாலைக்கு வந்து காத்திருந்தேன். நெய்யாற்றின்கரைப் பேருந்திலிருந்து ஞானாபரணம் இறங்கினார். மனைவிக்கு மாற்றுச் சேலையும் கஞ்சியும் எடுத்துப்போக வந்திருந்தார். ஒரே ராத்திரியில் வெள்ளைத் தாடி முளைத்திருந்தது. புண்ணைக் கீறிச் சுத்தம் செய்துவிட்டார்களாம். காலுக்கு ஆபத்து இல்லை.

“தோட்டு வழியா நாற்காலியில தூக்கி, அது வழுக்கி, பொறவு வந்திருந்தா நேரம் தப்பியிருக்கும்னு டாக்டர் பறஞ்சாரு” என்றார். அதை என்னிடம் சொல்லவில்லை. இடித்த மதிலின் ஓரத்தைப் பூசிக்கொண்டிருந்த ராஜையன் கேட்கும்படி, ஆனால் அவரைப் பார்க்காமல் சொன்னார்.

இடப்பக்கம் வரம்பு. வலப்பக்கம் வழி. நடுவில் நின்றார். சாயாக்கடையில் ஆற்றுகிற சத்தம் நின்றுவிட்டது. லில்லி துணி காயப்போடுவதுபோல் ஏற்கெனவே காய்ந்த துணியை எடுத்து உதறிக்கொண்டிருந்தார்.

“எலே ராஜையா.”

“சாரே.”

“உனக்க அப்பனை நான்...” அந்த வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டு வேறொன்றைத் தொடங்கினார். “இதுக்கு இப்போ நான் என்ன செய்யணும்?”

ராஜையன் கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு யோசித்தார். கேள்வி அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

“நடக்கணும்” என்றார்.

ஞானாபரணத்துக்குக் கண் நிறைந்திருந்தது, தோள்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு செருப்புக் காலைப் புது மண்ணில் வைத்தார், வெந்நீரா என்று தொட்டுப் பார்க்கிறவர்போல. இரண்டாவது காலையும் வைத்தார். நாலு எட்டு போனதும் நின்று, குடை நுனியால் மண்ணைக் குத்திப் பார்த்தார்.

“இங்ஙனயா நீ மண்ணு இடுவா? இடிச்சு உறைக்க வைக்காண்டாமா? அடுத்த மழைக்கு காரு தாழும்.”

“சரல் கொண்டு வந்து இடலாம் சாரே.”

“சரல் போராது. கல்லு வேணும். இந்த ஓரத்தில வெள்ளம் ஒழுக ஒரு சால் இல்ல. என்ன வேலை செஞ்சியோ, மஸ்கட்டில உன்னை எப்படி வச்சிருந்தாவளோ!”

“வந்தாச்சு, ஆணை போட!” என்றார் லில்லி, காய்ந்த துணியிடம். ராஜையன் வாய்விட்டுச் சிரித்தார். பெரியவர் குறை சொல்லிக்கொண்டே போனார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு வசை. அவ்வளவு தெம்போடு அவர் பேசி நான் கேட்டது முதல்நாள் ஆமெனுக்குப் பிறகு அப்போதுதான்.

என் பை உள்ளே இருந்தது. எடுத்துவர நானும் கிளம்பினேன். மூன்று நாள் பழக்கம். கால் தானாக இடப்பக்கம் திரும்பிவிட்டது. இரண்டு கைகளையும் விரித்து, உடம்பைச் சாய்த்து, சேற்றில் விரல் ஊன்றி, பாதி தூரம் போயிருப்பேன். முற்றத்திலிருந்து ஞானாபரணத்தின் சத்தம் வந்தது.

“சாரே! இஞ்ச நல்ல வழி கிடக்கும்போ என்னத்துக்குத் தோட்டுல எறங்குதிய? இப்படி வாருங்கோ, இப்படி!”